கொக்கியில் தொங்கும் மைக்

வண்டிகளில் பொருத்தும் டூ-வே ரேடியோவின் மைக்கைத் திருப்பிப் பார்த்தால் முதுகில் சின்னதாக ஒரு உலோகக் குமிழ் இருக்கும். டாஷ்போர்டில் திருகி வைத்த கொக்கியில் மாட்டுவதற்கான பிடி என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். பிடிதான், கூடவே அது ஒரு சுவிட்சும். குமிழிலிருந்து மெல்லிய கம்பி ஒன்று சுருள் கேபிள் வழியாக மைக் பிளக்குக்கும், அங்கிருந்து ரேடியோவுக்குள்ளும் போகிறது. கொக்கி வண்டியின் இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. மைக்கை மாட்டியதும் அந்தக் கம்பிக்கு எர்த் கிடைக்கிறது. யாரும் பேசவில்லை, மைக் சும்மா தொங்குகிறது என்று ரேடியோ எடுத்துக்கொண்டு டோன் ஸ்குவெல்ச்சைப் போட்டுவிடுகிறது. அதன்பின் தன் கூட்டத்தாரின் அழைப்புக்கு மட்டும்தான் ஸ்பீக்கர் வாய் திறக்கும். மைக்கைக் கையில் எடுத்தால் எர்த் விட்டுப்போகும், டோன் காவல் விலகும். அந்தச் சேனலில் யார் பேசிக்கொண்டிருந்தாலும், முன்பின் தெரியாதவரே ஆனாலும், காதில் விழும். பேச வருகிறவர் முதலில் கேட்டே ஆக வேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. யாரும் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. மைக்கை எடுக்கிற கையே வேலையை முடித்துவிடுகிறது.

இந்தக் கம்பியைத்தான் ரேடியோ பொருத்துகிறவர்கள் பலர் பிளக்குக்குள்ளேயே எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுகிறார்கள். மோட்டரோலாவின் ஜிஎம்300 செட்டை எடுத்துக்கொள்வோம். மைக் சாக்கெட்டில் எட்டு பின்கள். மூன்றாவது கொக்கிக்கு, நான்காவது எர்த்துக்கு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டால், மைக் கையில் இருந்தாலும் மடியில் கிடந்தாலும் கொக்கியில் தொங்குவதாகவே ரேடியோ நம்பும். டோன் ஸ்குவெல்ச் எந்நேரமும் காவலில் நிற்கும். ‘டோன் வேலை செய்யலை’ என்று வாடிக்கையாளர் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் சில நிமிடங்களில் அனுப்பிவைக்கும் வழி இது. தொழிலில் இருப்பவர்களுக்கு இது ரகசியமும் அல்ல, குற்றமும் அல்ல, வழக்கம். அந்த வழக்கம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். துண்டுக் கம்பி எந்தப் பழுதையும் நீக்கவில்லை. காது கொடுத்துக் கேட்கும் பொறுப்பை மைக்கைப் பிடிப்பவரிடமிருந்து பிடுங்கி, அதே சேனலில் இருக்கும் மற்றவர்கள் தலையில் அதன் விளைவைக் கட்டிவிடுகிறது.

டோன் ஸ்குவெல்ச் எதற்காக வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 1950களில் அமெரிக்காவில் டாக்சி நிறுவனங்களும் சரக்கு லாரிக்காரர்களும் பழுதுபார்க்கும் வேன்காரர்களும் ரேடியோ வைத்துக்கொண்டிருந்தார்கள். அலைவரிசைகள் கொஞ்சம், கேட்டு நின்றவர்கள் ஏராளம். ஒரே ஊரில் ஒரே சேனலைப் பலர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தனக்குச் சம்பந்தமே இல்லாத நிறுவனத்தின் கணக்கு வழக்கையெல்லாம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே டாக்சி ஓட்ட வேண்டும் என்றால் எந்த ஓட்டுநருக்கும் பொறுமை போய்விடும். மோட்டரோலா கண்ட வழி, பேச்சோடு சேர்த்துத் தாழ்ந்த சுருதியில் ஒரு ரீங்காரத்தையும் விடாமல் அனுப்புவது. கேட்கும் செட்டுக்குள் அந்தச் சுருதிக்கு மட்டும் அதிரும் மெல்லிய உலோக நாக்கு ஒன்று இருந்தது. ஆர்மோனியத்துக்குள் இருக்கும் ரீடுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். சொந்தச் சுருதி வந்தால் அது அதிரும், ஸ்பீக்கர் திறக்கும். அந்நியச் சுருதிக்கு அசையாது. இன்று அந்த நாக்கின் வேலையைச் சிப் செய்கிறது. சுருதிகள் ஏறக்குறைய 67 ஹெர்ட்ஸில் தொடங்கி 254 ஹெர்ட்ஸ் வரை. பேச்சுக்கு 300 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் இடம் என்பதால், கீழே ஓடும் இந்த ரீங்காரத்தை ஃபில்டர் வெட்டிவிடும், காதுக்கு எட்டாது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் நம்மைப் போன்ற நாடுகளில் 100 ஹெர்ட்ஸ் டோனைத் தவிர்ப்பது நல்லது. மின்சார ‘ஹம்’ 50இன் இரு மடங்கான அதே சுருதியில் வந்து காவலாளியை ஏமாற்றிவிடும்.

பெயர் வைத்ததிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. மோட்டரோலா இதற்கு ‘பிரைவேட் லைன்’ என்று பெயர் சூட்டியது. ஒரே தொலைபேசிக் கம்பியைப் பல வீடுகள் பகிர்ந்துகொண்ட ‘பார்ட்டி லைன்’ அமெரிக்காவில் சகஜமாக இருந்த காலம் அது; தனிக் கம்பி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஜெனரல் எலக்ட்ரிக் ‘சேனல் கார்டு’ என்றது. ஆர்சிஏ வைத்த பெயர் ‘கொயட் சேனல்’, பின்னாளில் கென்வுட் வைத்தது ‘கொயட் டாக்’. இந்தக் கடைசி இரண்டும்தான் உள்ளதைச் சொல்லும் பெயர்கள். கிடைப்பது அமைதி மட்டுமே. நீங்கள் மற்றவர்களைக் கேட்கமாட்டீர்கள். அவர்கள் தங்கள் செட்டில் டோனை அணைத்துவிட்டால் உங்களைத் தாராளமாகக் கேட்கலாம். சேனலும் பெருகுவதில்லை. கடைகளில் விற்கும் செட்டுகளில் பொதுவாக 38 டோன்கள் இருக்கும். அதற்காக ஒரு சேனல் 38 சேனலாகிவிடாது. தெருக்குழாயில் வரிசை வைத்திருக்கும் 38 குடங்களுக்கும் வெவ்வேறு வண்ணம் அடித்துவிட்டதைப் போலத்தான். குடத்தை அடையாளம் காண வண்ணம் உதவும். தண்ணீர் வருவது ஒரே குழாயில்.

அந்த ஒரே குழாயில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் குடம் வைத்தால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இந்த ரேடியோக்கள் எஃப்எம் முறையில் இயங்குபவை. எஃப்எம்முக்கு ஒரு குணம் உண்டு: ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல்கள் வந்தால் பலமானது மெலிந்ததை விழுங்கிவிடும். மெலிந்தவர் பேசியதாகவே தெரியாது. இரண்டும் ஏறக்குறைய சமம் என்றால் இரண்டுமே சிதைந்துபோகும். இப்போது பிளக்குக்குள் ஷார்ட் செய்த செட்டை வைத்திருப்பவர் மைக்கை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் சத்தமில்லை. சேனல் காலியாக இருக்கிறது என்று பொத்தானை அழுத்துகிறார். உண்மையில் அங்கே வேறொரு டோனில் வேறொரு கூட்டத்தார் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கிரேன் ஓட்டுநருக்குக் கீழே நிற்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அந்த வார்த்தையை இவருடைய சிக்னல் விழுங்கிவிடும். கிரேன் ஓட்டுநரின் செட்டிலும் டோன் இருப்பதால் இவருடைய குரலும் அங்கே கேட்காது, சத்தம்கூட இல்லாமல் ஸ்பீக்கர் மூடிக்கொள்ளும். ஏதோ ஒன்று தவறிப்போனது என்பதற்கான தடயமே மிஞ்சாது. இதே விபரீதம் திரும்பி வந்து இவரையும் பிடிக்கும். இவருடைய அலுவலகம் சரியான டோனோடு அழைக்கும்போது பக்கத்தில் வேறொருவர் பலமாகப் பேசிக்கொண்டிருந்தால் டோன் அடிபட்டுப்போகும். ‘கூப்பிட்டோமே, ஏன் எடுக்கலை?’ என்று அங்கே கோபிப்பார்கள். இங்கே யாரும் கூப்பிடவே இல்லை என்று இவர் சத்தியம் செய்வார். இருவரும் பொய் சொல்லவில்லை. டோன் ஸ்குவெல்ச் குறுக்கீட்டைத் தடுப்பதில்லை, கண்ணிலிருந்து மறைக்கிறது. மறைத்ததைத் தேவையான நேரத்தில் மட்டும் திறந்து காட்டத்தான் கொக்கிக் கம்பி இருக்கிறது. அதையும் ஷார்ட் செய்துவிட்டால் மிஞ்சுவது மறைப்பு மட்டும்தான்.

அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணைய விதிகளில், தொழில் நிறுவனங்களின் ரேடியோவுக்கான 90ஆம் பகுதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. உரிமம் பெற்றவர் குறுக்கீட்டைத் தவிர்க்க நியாயமான முன்னெச்சரிக்கைகளை எடுக்க வேண்டும். தான் ஒலிபரப்பப்போகும் அலைவரிசையில் யாராவது பேசிக்கொண்டிருக்கிறார்களா என்று கவனிப்பதும் அதில் அடங்கும். கொக்கிக் கம்பி இந்த விதியைக் கருவியின் உடம்பிலேயே ஏற்றி வைக்கிறது. உயிர் தொங்கிக்கொண்டிருக்கும் சில இடங்களில் டோன் ஸ்குவெல்ச்சையே பக்கத்தில் சேர்ப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம் விசைப்படகுகளில் இருக்கும் விஎச்எஃப் செட்டின் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கால அழைப்புக்கானது. அங்கே டோன் கிடையாது. முன்பின் தெரியாத படகின் அபயக் குரலும் கேட்டாக வேண்டும். விமானங்கள் இன்னும் பழைய ஏஎம் முறையிலேயே பேசுகின்றன. அதில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் கீச்சென்று ஒரு சத்தம் வரும். யாரோ மோதிக்கொண்டார்கள் என்பதாவது தெரியும். அது மட்டும் போதாது என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் ஓடுபாதையில் நடந்த விபத்து சாட்சி. கட்டுப்பாட்டுக் கோபுரமும் பான் ஆம் விமானமும் ஒரே சமயத்தில் பேசியதால், தெரிந்துகொண்டே ஆக வேண்டிய செய்தியின் இடத்தில் கேஎல்எம் விமானிகளுக்குக் கீச்சொலி கேட்டது. இரு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். காரணங்கள் பல. டோன் ஸ்குவெல்ச்சுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு விழுந்தால் என்ன நடக்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

எதிர்த்தரப்புக்கும் சொல்ல நிறைய இருக்கிறது. முதலாவது, சத்தம். குண்டும் குழியுமான சாலையில் மைக் கொக்கியிலிருந்து நழுவி விழுந்தால் உடனே ஊரார் பேச்செல்லாம் உள்ளே வரும். ஓட்டுநர் எரிச்சலில் ஒலியைக் குறைப்பார், பிறகு சொந்த அலுவலகத்தின் அழைப்பும் கேட்காது. இது நிஜமான தொல்லை. ஆனால் இங்கே பழுது கொக்கியில் இருக்கிறது. மைக்கை இறுக்கிப் பிடிக்கும் புதுக் கொக்கி போட வேண்டியதற்கு ரேடியோவின் காதை அடைப்பது வைத்தியமல்ல. இரண்டாவது, கொக்கியைத் திருகும் இடம். இப்போதைய வண்டிகளில் டாஷ்போர்டு முழுக்க பிளாஸ்டிக். அதில் கொக்கியைத் திருகினால் எர்த்தே கிடைக்காது, டோன் ஸ்குவெல்ச் ஒருநாளும் வேலை செய்யாது. பெரும்பாலான ஷார்ட்டுகள் பிறப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். அதற்குச் சரியான தீர்வு கொக்கியின் திருகிலிருந்து வண்டியின் உடலுக்கு ஒரு கம்பி இழுப்பது. ஒரு முனையில் லக் போட்டு, உடலில் திருகும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கினால் முடிந்தது. பத்து நிமிட வேலை கூடுதலாகும், அவ்வளவுதான். ஷார்ட்டில் வேறு ஓர் அபாயமும் இருக்கிறது. இந்த மைக் பிளக்குகள் பலவும் இன்டர்நெட் கேபிள் பிளக்கைப் போலவே எட்டு பின்களோடு இருக்கின்றன. உருவம் ஒன்று, உள் இணைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. பின்களை எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது என்பதில்கூட ஒற்றுமை இல்லை. ஜிஎம்300இல் கொக்கி பின்னுக்கு ஒரு பக்கம் எர்த், மறுபக்கம் பாட்டரி மின்சாரம். கை ஒரு பின் தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது வாதம் வலுவானது. இப்போதைய செட்டுகளில் ‘பிஸி சேனல் லாக்அவுட்’ இருக்கிறதே, சேனலில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் பொத்தானை அழுத்தினாலும் செட் ஒலிபரப்ப மறுத்துவிடுமே, பிறகு காது எதற்கு என்று கேட்கலாம். ஷார்ட் செய்துவிட்டுச் சும்மா இருப்பதைவிட இது எவ்வளவோ மேல். கொக்கியே வைக்க முடியாத மோட்டார் சைக்கிள் போன்ற இடங்களில் இதைத்தான் போட வேண்டும். ஆனால் லாக்அவுட்டுக்குத் தெரிந்தது சிக்னல் இருக்கிறது, இல்லை என்ற இரண்டு மட்டும். எங்கிருந்தோ மெலிதாக வரும் மின்சார இரைச்சலுக்கும் அது பூட்டிக்கொள்ளும். தீப்பிடித்து எரியும் இடத்திலிருந்து ஒருவர் கத்த நினைத்தாலும் பீப் ஒலியெழுப்பி மறுக்கும். காதுள்ள மனிதருக்கு வித்தியாசம் தெரியும். இது வெறும் இரைச்சல், இவர்கள் பேச்சை முடித்துக்கொண்டிருக்கிறார்கள், இது அவசரம், நான் காத்திருக்கலாம் என்றெல்லாம் அரை நொடியில் எடை போடுவார். டிஜிட்டல் ரேடியோவான டிஎம்ஆரின் தரநிலை இந்த எடைபோடலுக்கு வைத்திருக்கும் பெயர்கள் சுவையானவை. எல்லாரிடமும் மரியாதை, தன் கலர் கோடுக்காரர்களிடம் (டோனின் இடத்தில் டிஎம்ஆரில் இருப்பது கலர் கோடு) மட்டும் மரியாதை, மரியாதையே இல்லை என்று ஒலிபரப்பைத் தொடங்குவதற்கு மூன்று விதங்கள். பொறியாளர்கள் ‘மரியாதை’ என்ற சொல்லைத் தரநிலை ஆவணத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றால் விஷயம் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். காதால் கேட்பதும் முழுத் தீர்வு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் காதுக்கு எட்டமாட்டார். ஆனால் குரலை வாங்கி மறுபடி ஒலிபரப்பும் மலையுச்சி ரிப்பீட்டருக்கு எங்கள் இருவர் குரலும் எட்டி அங்கே மோதும். கேட்டாலும் சில மோதல்கள் நடக்கும் என்பதற்காகக் கேட்காமலே இருக்கலாம் என்று ஆகாது.

டோன் ஒரு ‘பிரைவசி’ என்ற நம்பிக்கை கையடக்க வாக்கி-டாக்கிகளில் இன்னும் மோசமாகப் பரவியிருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் 22 சேனல், 121 பிரைவசி கோட், ஆக 2,662 சேர்க்கைகள் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டு விற்பதுண்டு. பெருக்கல் சரி, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் குறுக்கீடின்றிப் பேசக்கூடியவர்கள் என்னவோ 22 ஜோடிதான், ரகசியம் யாருக்கும் இல்லை. இந்தியாவில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தி செட்டுகளுக்கு உரிமம் தேவையில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் வீதம் பிரித்தால் 16 சேனல்கள் தேறும். அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிகள், கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, படப்பிடிப்புக் குழு என்று யார் வாங்கினாலும் இந்தப் பதினாறுக்குள்தான் புழங்க வேண்டும். இணையக் கடைகளில் அலைவரிசை விவரமும் உரிமத் தகவலும் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்கப்படுவதைக் கண்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. நல்ல காரியம். அந்த விவரங்களோடு இன்னும் ஒரு வரியையும் விற்பவர்கள் அச்சிடச் செய்யலாம்: டோன் கோட் உங்கள் பேச்சை மறைக்காது, பேசும் முன் மானிட்டர் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். கையடக்க செட்டில் கொக்கி கிடையாது; அதன் இடத்தில் பக்கவாட்டில் இருக்கும் அந்த மானிட்டர் பொத்தான்தான் உள்ளது. வாங்குகிறவர்களில் எத்தனை பேர் அதை ஒருமுறையாவது அழுத்தியிருப்பார்கள் என்பது சந்தேகம். பொத்தானை நினைவு வைத்துக்கொண்டு அழுத்த வேண்டும். கொக்கிக்கு அந்தக் கவலையே இல்லை. ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அதைக் கெடுப்பது அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே பொருத்துகிறவர்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியில் கொக்கி இருக்கும்வரை கொக்கிக் கம்பியைக் கொக்கி வரை கொண்டுபோங்கள். சில செட்டுகளில் கணினி மூலம் புரோகிராம் செய்யும்போதே, மைக்கை எடுத்தாலும் டோன் காவலை விடாதே என்று சொல்லிவிட முடியும். பற்றவைக்காமலே நடக்கும் ஷார்ட் அது, அதையும் அணைத்து வையுங்கள். கொக்கிக்கு வழியே இல்லாத இடத்தில் லாக்அவுட்டைப் போட்டு, மானிட்டர் பொத்தானை விரல் எட்டும் இடத்தில் வைத்துக் கொடுங்கள். இதெல்லாம் கேட்கும் பக்கத்தை மட்டும்தான் தொடுகிறது. மைக் எங்கே இருந்தாலும் பேசும்போது டோன் வழக்கம்போலப் போகும், ரிப்பீட்டர் திறக்காமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வண்டி வைத்திருப்பவர்கள் பிளக்கைத் திறக்காமலே சோதித்துப் பார்க்கலாம். இன்னொரு செட்டில் டோனை அணைத்துவிட்டு அதே சேனலில் ஒருவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். மைக் கொக்கியில் இருக்கும்போது உங்கள் ஸ்பீக்கர் பேசக் கூடாது. எடுத்த கணத்தில் எண்ணிக்கை கேட்க வேண்டும். எடுத்தும் கேட்கவில்லையென்றால், பிளக்குக்குள்ளோ புரோகிராமிலோ யாரோ கைவைத்திருக்கிறார்கள்.